மூன்றாம் ஓலை

தன் கலியாணத்துக்குத் தானே தடை சொன்ன பெண் ஒருத்தி திருகோணமலையில் இருந்தாள். பெயர் ஞானமலர். கப்பல் திருத்துகிற டொக்யாட்டின் வாசலுக்குக் கிட்டச் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவள். அவளுடைய கதையைத் திட்டிக்கொண்டு சொல்பவர்களும் உண்டு, சிரித்துக்கொண்டு சொல்பவர்களும் உண்டு. இரண்டு பகுதியாரும் கோயிலில் அவள் எழும்பி நின்றதோடு கதையை முடித்துவிடுவார்கள். ஏன் எழும்பினாள் என்று கேட்டால், "கொழுப்பு" என்பார்கள். கொழுப்பு இருந்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வெறும் கொழுப்பை வைத்துக்கொண்டு ஒருத்தி ஆயுள் முழுக்க ஊர்வாயைத் தாங்கமாட்டாள்.

நடந்தது ஐம்பத்தாறாம் ஆண்டு. வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துவிட்டானே தவிர, துறைமுகத்தை இன்னும் கொடுக்கவில்லை. டொக்யாட்டில் வேலை செய்தவர்களில் பலர் கொச்சிப் பக்கத்து மலையாளிகள். தனியாட்களாக வந்து, கூட்டாக அறை எடுத்து இருந்து, மத்தியானச் சோற்றுக்கு ஞானமலரின் கடைக்கு வருவார்கள். பெயருக்கு அது அவளுடைய தகப்பன் பேணாட்டின் கடை. பேணாட் கடற்படையில் லாஞ்சிப் படகு ஓட்டியவர். இரண்டு லாஞ்சிகளுக்கு நடுவில் கால் அகப்பட்டு நசுங்கிய பிறகு, வாசலில் கதிரை போட்டிருந்து வருகிறவர்களை வரவேற்பதோடு அவர் வேலை முடிந்தது. தாய் இல்லை. குசினியும் அடுப்பும் மீன்காரரோடு சண்டையும் ஞானமலரின் பொறுப்பு.

வறீது அங்கே சாப்பிட வந்த இயந்திரப் பொருத்துநர்களில் ஒருவன். வர்க்கீஸ் என்ற பெயரை அவனுடைய ஊரில் அப்படிச் சுருக்குவார்களாம். மற்றவர்கள் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இவன் மட்டும் ஒரு நாள் குசினி வாசலில் வந்து நின்று, மீன் குழம்புக்குப் பழப்புளி விடக்கூடாது, தன் அம்மா வேறு புளி போடுவாள் என்று விளக்கம் சொன்னான்.

"அப்ப உங்கட அம்மா இருக்கிற இடத்தில போய்ச் சாப்பிடுங்கோ" என்றாள் ஞானமலர், திரும்பிப் பாராமலே.

அடுத்த நாள் குழம்பில் பழப்புளி இல்லை, அவன் அம்மா போடுகிற கொறுக்காய்ப்புளி கிடந்தது. அவன் இரண்டாம் தரம் சோறு வாங்கினான். காதல் என்று சொல்ல அவர்களுக்கிடையில் நடந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதற்குப் பிறகு தன்பாட்டில் நடந்தது. நடந்தது முறைக்குக் கொஞ்சம் முந்திவிட்டது. அவளுக்கு மசக்கை வந்தபோது பேணாட் ஒரு நாள் முழுக்க வாயில் வந்ததையெல்லாம் பேசினார். மறுநாள் சவரம் செய்துகொண்டு, கைத்தடியை ஊன்றிப் பங்குச் சுவாமியிடம் போனார். சுவாமியும் நல்ல மனிதர். மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் கலியாண அறிவித்தலான ஓலை வாசிக்கவேண்டும், அதற்கடுத்த புதன்கிழமை கலியாணம் என்று நாள் குறித்துக் கொடுத்தார். வயிறு வெளியில் தெரியுமுன் எல்லாம் ஒப்பேறிவிடும் என்று பேணாட் பெருமூச்சு விட்டார். வறீது வெள்ளைக் காற்சட்டை தைக்கக் கொடுத்தான். ஞானமலரும் சந்தோசமாகத்தான் இருந்தாள். இதை மறக்கக்கூடாது. அவளுக்கு அவன் வேண்டும், கலியாணமும் வேண்டும்.

குழப்பம் குசினிக்குள்ளிருந்து வந்தது. அங்கே தேங்காய் துருவவும் கூட்டு அரைக்கவும் கிறிஸ்டின் என்ற பெண் இருந்தாள். ஞானமலரோடு ஒன்றாய்ப் படித்தவள். அவளும் டொக்யாட் மலையாளி ஒருவனைத்தான் கலியாணம் முடித்தவள், கோயிலில், ஓலை வாசித்து, முறைப்படி. அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பையன். போன வருடம் புருஷனுடைய விசா முடிந்து, திரும்பிப் போகும்படி கட்டளை வந்தபோது, அதில் பையனுடைய பெயரும் இருந்தது. பிள்ளை தகப்பனின் நாட்டவன், ஆகையால் தகப்பனோடு போகவேண்டும். கிறிஸ்டின் இந்த நாட்டவள், ஆகையால் இருக்கலாம். பாஸ்போட்டும் விசாவும் எடுத்துப் பின்னால் வருகிறேன் என்று பிள்ளையைத் தலைமன்னாரில் கப்பலேற்றி விட்டுவந்தவள், இன்னும் கந்தோர் கந்தோராக அலைந்துகொண்டிருந்தாள். அவள் அரைக்கும் கூட்டில் கண்ணீர் விழாத நாள் இல்லை. "உப்புக் குறைச்சுப் போடு, நீ போட்டுட்டாய்" என்று ஞானமலர் பகிடி பண்ணுவாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டு அழுவார்கள்.

இரண்டாம் ஓலை வாசித்த வாரம், கடையில் கனகரத்தினம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு புறொக்டரிடம் இலிகிதராக இருந்தவர். வழக்கறிஞரைவிட அதிகம் பேசுவார். ஞானமலர் அவருக்குச் சொதி விட்டபடியே கேட்டாள்.

"ஐயா, கிறிஸ்டின்ட பெடியன் பிறந்தது இஞ்ச. ஞானஸ்நானம் எடுத்தது இஞ்ச. தாய் இந்த ஊர்க்காரி. பிறகெப்பிடி அவன் வெளிநாட்டான்?"

"சட்டம் அப்பிடிப் பிள்ளை. கலியாணம் முடிச்சவைக்குப் பிள்ளை பிறந்தா, தகப்பன் எந்த நாடோ பிள்ளையும் அந்த நாடு. தாயை ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"பத்து மாசம் சுமக்கிறவளையோ கேக்கமாட்டினம்?"

"கேக்கமாட்டினம்" என்று கனகரத்தினம் விரலை நக்கினார். பிறகு தன் அறிவில் தானே மகிழ்ந்து சிரித்தார். "ஆனா ஒரு புதினம் கேள். கலியாணம் முடிக்காதவளுக்குப் பிறந்தா, பிள்ளை தாயின்ட நாடு. தகப்பன் இல்லாத இடத்திலதான் சட்டத்துக்குத் தாயைக் கண் தெரியும்."

ஞானமலர் சொதி அகப்பையோடு அப்படியே நின்றாள். கனகரத்தினம் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பார்த்தார். உருட்டிய சோற்றைத் திரும்பக் கோப்பையில் போட்டார்.

"பிள்ளை, நான் பகிடிக்குச் சொன்னனான்."

"சட்டமும் பகிடியோ?"

"சட்டம் பகிடியில்லை..."

"அப்ப காணும்" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த மனிதரை அவள் நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. கலியாணத்தைத் தள்ளிப்போட்டால் போதுமா? போதாது, பிறகு முடித்தாலும் பிள்ளை முறைப்படி பிறந்த பிள்ளை ஆகிவிடும், வம்பு. முடிக்காமல் ஒரே வீட்டில் இருந்தால்? அதுவும் ஆகாது. புருஷன் பெண்சாதி என்று ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டால், நீதிமன்றம் அதையே கலியாணமாக எடுத்துக்கொள்ளும். "அதுவும் ரெண்டு ஓலை வாசிச்சாச்சு" என்று கனகரத்தினம் முணுமுணுத்தார். "ஊர் முழுக்க நீங்கள் கலியாணம் முடிக்கப் போறியள் எண்டு தெரியும். முடிக்கேல்லை எண்டதும் ஊர் முழுக்கத் தெரிஞ்சாத்தான் உண்டு." சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே சபித்துக்கொண்டு கை கழுவப் போனார்.

ஒரு பிள்ளைக்கு எந்த நாடு என்று தாய் தேர்ந்தெடுப்பதற்குச் சட்டம் விட்டு வைத்திருந்த வழி அது ஒன்றுதான்: மானத்தைக் கொடுத்து வாங்கவேண்டும். சட்டம் எழுதிய மேசையில் ஒரு தாயாவது இருந்திருந்தால் அப்படி எழுதியிருப்பார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டு என்ன, எழுதியாகிவிட்டது. ஞானமலர் நான்கு நாள் யோசித்தாள். வறீதிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவன் சம்மதிக்கமாட்டான். சம்மதித்தாலும் அவன் முகம் காட்டிக்கொடுத்துவிடும்; பொய் சொல்லத் தெரியாத முகம் அது. தகப்பனிடம் சொல்ல நினைத்து இரண்டு தரம் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. இடப்பக்கம் பெண்கள் முக்காட்டோடு, வலப்பக்கம் ஆண்கள். வறீது புதுச் சட்டையில் மூன்றாவது வாங்கில் இருந்தான், பக்கத்தில் பேணாட். பிரசங்கம் முடிந்து சுவாமி அறிவித்தல்களை எடுத்தார். "பேணாட்டின் குமாரத்தி ஞானமலருக்கும், இந்திய தேசம் கொச்சியைச் சேர்ந்த வர்க்கீசுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது மூன்றாம் ஓலை. தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் அதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." ஒரே மூச்சில் வாசித்து, தாளைத் திருப்பி, வரும் சனிக்கிழமை சவக்காலை துப்புரவு செய்ய வரவேண்டும் என்று தொடங்கிவிட்டார். எத்தனையோ வருடமாக அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை.

"சுவாமி, நான் ஒண்டு சொல்லவேணும்" என்று பெண்கள் பக்கத்தில் ஒரு குரல் எழும்பியது.

சுவாமி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "சவக்காலையைப் பற்றியோ?"

"ஓலையைப் பற்றி. தடை இருக்கு."

"ஆருக்கு?"

"எனக்கு. பெண்ணுக்குச் சம்மதமில்லை."

கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தியதாகச் சொல்வார்கள். அது சும்மா கதை. ஆனால் அவள் குரல் பின்சுவர் வரை கேட்டது உண்மை. சுவாமிக்கு முகம் சிவந்தது.

"இரு பிள்ளை. பூசை முடிய என்ட அறைவீட்டுக்கு வா, கதைப்பம்."

"அறைவீட்டில சொன்னா நீங்கள் ஒராள்தான் கேப்பியள். ஓலையை எல்லாருக்கும்தானே வாசிச்சனீங்கள்." முன்வாங்கைப் பிடித்துக்கொண்டாள். "சம்மதமில்லாத பெண்ணுக்குத் தாலி கட்டினா அது கலியாணமில்லை எண்டு ஞானோபதேசத்தில நீங்கள்தான் சுவாமி படிப்பிச்சனீங்கள். எனக்கு இவரை முடிக்கச் சம்மதமில்லை. எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ."

வலப்பக்கம் பார்க்கக்கூடாது என்று நினைத்திருந்தாள். பார்த்துவிட்டாள். வறீது அடி வாங்கியவனாக வாயைத் திறந்தபடி இருந்தான். பேணாட் தலையைக் குனிந்து கைத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கணத்தில் "பகிடிக்குச் சொன்னனான்" என்று சொல்லித் திரும்ப வாங்கில் இருந்துவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. இருக்கவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நடுவழியால் நடந்து வெளியே போனாள்.

மத்தியானம் வறீது குசினிப் பக்கத்தால் வந்தான். அன்று கடை இல்லை. அவள் காரணத்தைச் சொன்னாள், ஒன்று விடாமல். அவன் கேட்டுக்கொண்டே கிணற்றுக்கட்டில் இருந்தான்.

"என்ட நாட்டுக்கு என்ன குறை? அங்கயும் கடல் இருக்கு, கோயில் இருக்கு, என்ட அம்மா இருக்கிறா. பிள்ளையின்ட பேரை எங்கட கந்தோரில பதிஞ்சா, பிள்ளைக்கு ஒரு நாடு கிடைக்கும். நாடில்லாமல் ஒண்டும் போகாது."

"உங்கட நாட்டில ஒரு குறையும் இல்லை. ஆனா அங்க நான் ஆர்? இஞ்ச நீங்கள் ஆரோ அதுதான். ஒவ்வொரு வருசமும் கடுதாசி நீட்டிக்கொண்டு வரிசையில நிக்கவேணும். உங்களை நிப்பாட்டிவைக்க என்னால ஏலாது. டொக்யாட்டை மூடினா அனுப்பிப்போடுவினம். பிள்ளையை அனுப்ப ஏலாமல் செய்ய என்னால ஏலும். அதைத்தான் செய்தனான்."

"அப்ப என்ட பிள்ளைக்கு நான் ஆர்?"

"கடைக்குச் சாப்பிட வாற ஆள்" என்றாள், மெதுவாக. அவன் எழும்பிப் போனான். ஒரு கிழமை வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க அவள் குழம்பு கருகியும் உப்புக் கரித்தும் இருந்தது. பிறகு ஒரு மத்தியானம் வந்து, எல்லாரோடும் சேர்ந்து வாங்கில் இருந்து, "சோறு" என்றான். ஞானமலர் சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய், அம்மிக்குப் பக்கத்தில் இருந்து அழுதாள். கிறிஸ்டின் அவள் தலையைத் தடவிவிட்டாள்.

பேணாட் மகளோடு கதைப்பதை நிறுத்தினார். கோயிலில் அவளுக்கு நற்கருணை கொடுக்கமாட்டேன் என்று சுவாமி சொல்லிவிட்டார். கோயில் மணியடிக்கிறவரின் பெண்சாதி மாக்கிறற் அக்கா, ஞானமலரைக் கண்டால் தெருவின் மறுகரைக்குப் போய், கேட்கும்படியாகத் துப்புவாள். ஞானமலர் ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போனாள், வளரும் வயிற்றோடு, கடைசி வாங்குக்கு. போகாமல் விட்டால் வெட்கப்பட்டதாகிவிடும் என்பது அவள் கணக்கு.

மாசி மாதம் பெண்பிள்ளை பிறந்தது. செலின் என்று பெயர். பிறப்புப் பதிவுகாரர் வயதானவர், இரக்கமுள்ளவர். தகப்பன் பெயருக்கான இடத்தில் பேனையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"கோடு போடுங்கோ" என்றாள் ஞானமலர்.

"பிள்ளை, ஆரெண்டு எனக்கும் தெரியும். கலியாணம் முடிக்காட்டிலும் ரெண்டுபேரும் வந்து கையெழுத்து வச்சா பேரைப் போடலாம். பிறகு வளர்ந்து உன்னைக் கேக்கும்."

"கேக்கட்டும். கேக்க இஞ்ச இருக்கும்தானே."

பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்ற இடத்தில் அவர் 'இல்லை' என்று எழுதினார். அந்த 'இல்லை'யை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், பிள்ளையைக் கொஞ்சிக் கொஞ்சி, "நீ என்ட நாடடி, என்ட நாடு" என்றாள். வறீது மத்தியானச் சோற்றுக்கு வந்தபோது, கிறிஸ்டின் பிள்ளையைக் கொண்டுவந்து, மற்றவர்களுக்கெல்லாம் காட்டிய மாதிரி அவனுக்கும் காட்டினாள். அவன் கையைக் கழுவிவிட்டுத்தான் தொட்டான்.

அந்த வருடமே வெள்ளைக்காரன் டொக்யாட்டையும் விட்டுப் போனான். வறீதுக்கு வேலை முடிந்தது. விசாவை நீடிக்க நீடிக்க ஒரு மாதம், இரண்டு மாதம் என்று கிடைத்து, கடைசியில் கிடைக்காமல் போனது. அடுத்த வருடம் தபசுகாலத்தில், வறீது போகுமுன் அவனோடு போகவேண்டியவர்கள் யார் என்று விசாரிக்கக் கொழும்பிலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்தார். ஞானமலருக்கு அது காலையிலேயே தெரிந்துவிட்டது. அவர் முதலில் கடைக்கு வரவில்லை. அயலில் விசாரித்தார். விசாரித்தது யாரை? மாக்கிறற் அக்காவை.

"புருஷன் பெண்சாதியோ?" என்று மாக்கிறற் அக்கா கையை நீட்டிக் கத்தியது நாலு வீட்டுக்குக் கேட்டது. "அவளுக்கெங்க புருஷன்? ஓலை வாசிக்கேக்க கோயில் நடுவில எழும்பி, எனக்கு வேண்டாமெண்டு சொன்னவள் ஐயா! ஊரே சாட்சி. சுவாமியைப் போய்க் கேளுங்கோ. ஒழுங்கான சனம் அவளைக் கலியாணம் முடிச்சவள் எண்டு சொல்லுமே?"

சுவாமியும் பொய் சொல்லவில்லை. விவாகம் நடக்கவில்லை, பெண் மறுத்தாள் என்றார். ஒன்றரை வருடமாக ஞானமலரைத் தூற்றிய வாய்களெல்லாம் அன்று வரிசையாக அவளுக்குச் சாட்சி சொல்லின. செய்தியை ஓடிவந்து சொன்ன கிறிஸ்டினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஞானமலர் சிரிக்கவில்லை. அவர் இன்னும் கடைக்கு வரவில்லையே.

மத்தியானம் வந்தார். கடை நிறைய ஆட்கள். வறீது தன் வழக்கமான இடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வராமல் விட்டால் சந்தேகம் வரும் என்று கனகரத்தினம் சொல்லியிருந்தார். உத்தியோகத்தர் நேரே அவனுக்கு முன்னால் போய் இருந்தார்.

"இந்தக் கடைக்காரி உம்முடைய பெண்சாதியா?"

"இல்லை ஐயா."

"பிள்ளை ஒன்று இருக்கிறதாமே."

அவன் பதில் சொல்லுமுன் பிள்ளை வந்துவிட்டது. நடை பழகிய புதிது. கிறிஸ்டினின் கையை உதறிவிட்டு, வாங்குகளைப் பிடித்துப் பிடித்து வந்து, வறீதின் முழங்காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தது. "அப்பா" என்றது.

அதை யார் பழக்கினார்களோ தெரியாது. ஞானமலர் பழக்கவில்லை, வறீதும் இல்லையென்றுதான் பிறகு சத்தியம் செய்தான். கடையில் ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. உத்தியோகத்தர் பேனையை மூடிவிட்டு, வறீதின் முகத்தையே பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத முகம் என்று ஞானமலர் நினைத்திருந்த முகம். அவள் குசினி வாசலில் நின்று பார்த்தாள். அவன் இப்போது குனிந்து பிள்ளையைத் தூக்கினால் போதும், எல்லாம் முடிந்தது. தூக்கினால் அவனைக் குறை சொல்லவும் ஏலாது.

வறீது குனியவில்லை. ஒரு பிடி சோற்றை உருட்டி வாயில் போட்டு, மென்று விழுங்கினான்.

"கடைக்கு வாறவையெல்லாரையும் இப்பிடித்தான் கூப்பிடும் ஐயா. எனக்கு இந்தப் பிள்ளையைத் தெரியாது."

"உம்முடையதில்லை?"

"என்னுடையதில்லை."

ஞானமலர் வந்து பிள்ளையின் விரல்களை அவன் முழங்காலிலிருந்து பிரித்தெடுத்தாள். பிள்ளை கத்தியது. "தகப்பனில்லாத பிள்ளை ஐயா, ஆரைக் கண்டாலும் அப்பா எண்டும்" என்று சொல்லிக்கொண்டே இடுப்பில் ஏற்றினாள். குரல் உடையவில்லை. அதை உடையாமல் வைத்திருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். உத்தியோகத்தர் கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் ஞானமலர் சாகும்வரை சொன்னாள். தெரிந்தும் தாளில் எதுவும் சேர்க்காமல் எழும்பிப் போனார். வறீது கோப்பையில் ஒரு பருக்கை மிச்சம் விடாமல் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, ஒருவரையும் பாராமல் நடந்தான். டொக்யாட் மதிலுக்கு அந்தப் பக்கம் போய் அவன் வாந்தி எடுத்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து அவன் போனான், தனியாக. ஞானமலர் ரயில் நிலையத்துக்குப் போகவில்லை, போகக்கூடாது. அன்று காலை பேணாட் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மகளிடம் முதல் தரம் வாய் திறந்தார். "பிள்ளைக்குச் சட்டையைப் போட்டுத் தா. ரயில் காட்டப் போறன்." நொண்டிக்கொண்டு, பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பெட்டி வாசலில் நின்ற ஒரு வழிப்போக்கனுக்குப் பிள்ளை கை காட்டியது. வழிப்போக்கனும் கை காட்டினான். அதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

பிறகு இருபது வருடம் என்ன, ஓடிவிட்டது. வறீது கொச்சியில் வேலை செய்தான், வேறு கலியாணம் முடிக்கவில்லை. பேணாட்டின் பெயருக்குக் கடிதம் எழுதுவான். இரண்டு தரம் விசா எடுத்து வந்து, பழைய வாடிக்கைக்காரனாகக் கடையில் சாப்பிட்டுவிட்டுப் போனான். செலினுக்கு எல்லாம் தெரியும். விபரம் தெரிந்த வயதில் தாய் ஒளிக்காமல் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அவளைத் தகப்பன் பெயர் தெரியாதவள் என்று சொன்ன பெட்டையின் மூக்கை உடைத்துவிட்டு வந்தாள் ஒரு நாள். ஞானமலர் அடிக்கவில்லை, மூக்குக்காரியின் வீட்டுக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். செலின் தாதியாகப் படித்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலையும் எடுத்தாள். இந்த நாட்டவருக்கு மட்டும் கொடுக்கிற வேலை. நியமனம் வந்து சில மாதத்தில், எழுபத்தொன்பதில், கொச்சியிலிருந்து தந்தி வந்தது. வறீது மார்வலியில் போய்விட்டான்.

ஞானமலர் கடையைப் பூட்டினாள். கறுப்புச் சேலை எடுத்து உடுத்தாள். அலுமாரியிலிருந்து அவனுடைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, மகளோடு அச்சுக்கூடத்துக்குப் போய், மரண அறிவித்தல் அடிக்கவேண்டும் என்றாள். செய்தி கேட்டுக் கனகரத்தினம் குடையோடு ஓடிவந்தார். கிழவராகிவிட்டார், ஆனால் வாய் அப்படியே.

"பிள்ளை, உனக்கென்ன விசரோ? உறவு முறையைப் போட்டு ஊர் முழுக்க ஒட்டினா, நாளைக்கு ஒருத்தன் பெட்டிசம் போடுவான். இருபத்திரண்டு வருசம் காப்பாத்தினதை நீயே எடுத்துக் குடுக்கப்போறியோ? பெட்டையின்ட வேலை போகும், வேற என்ன போகுமோ தெரியாது. நண்பர் எண்டு போடு."

ஞானமலர் தடுமாறினாள். இந்தப் பயம் அவளுக்குப் புதிது. தன் மானத்தைக் கொடுக்கத் துணிந்தவள்தான், ஆனால் மகளின் வேலையைக் கொடுக்க அவளுக்கு உரிமை இல்லையே. "செலின், ஐயா சொல்லுறதும்..." என்று தொடங்கினாள்.

செலின் அச்சுக்காரனின் மேசையில் படத்தை வைத்தாள். "மாமா, அண்டைக்கு அப்பா என்னைத் தெரியாதெண்டு சொன்னதாலதான் நான் இந்த நாட்டுக்காரி. இண்டைக்கு நான் அவரைத் தெரியாதெண்டு சொன்னா, இந்த நாடு எனக்கு என்னத்துக்கு? கேக்க வாறவன் வரட்டும். இருபத்திரண்டு வயசுப் பெண்ணைத் தூக்கிக் கப்பலில ஏத்துறவன் எப்பிடி ஏத்துறான் எண்டு பாப்பம்." அச்சுக்காரனைப் பார்த்தாள். "தந்தை எண்டு போடுங்கோ. பெரிய எழுத்தில."

ஒருத்தனும் பெட்டிசம் போடவில்லை, ஒருத்தரும் கேட்டு வரவில்லை. ஆனால் அன்று அது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல்தான் தாயும் மகளும் பசை வாளியோடு புறப்பட்டார்கள். பஸ் நிலையம், சந்தை மதில், கோயில் வாசல், பழைய டொக்யாட் மதில். கடைசியில் அரசாங்கக் கச்சேரி மதிலில் ஞானமலர் பசை பூசும்போது, உள்ளேயிருந்து காவல்காரப் பையன் ஒருவன் ஓடிவந்தான்.

"அம்மா, அரசாங்கச் சுவர். இஞ்ச ஒட்ட ஏலாது. கிழிச்சுப் போடுவன்."

"கிழி தம்பி. அதுக்கு முதல் வாசி. உரத்து வாசி."

கறுப்புச் சேலையையும் முகத்தையும் பார்த்து அவன் தயங்கினான். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, கறுப்புக் கரையிட்ட தாளை எழுத்தெழுத்தாக வாசித்தான். "கொச்சியைப் பிறப்பிடமாகக் கொண்ட வர்க்கீஸ் அவர்கள் காலமானார். அன்னார் திருகோணமலை ஞானமலரின் அன்புக் கணவரும், செலினின் பாசமிகு தந்தையுமாவார்."

தெருவில் போன இரண்டுபேர் நின்று கேட்டார்கள். ஞானமலர் தூரிகையை வாளிக்குள் வைத்துவிட்டு, சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். கணவர் என்று வேறொருவர் வாயால் அவள் கேட்டது அதுதான் முதல் தரம்.

"இன்னொருக்கா வாசி தம்பி" என்றாள்.